ஆழத்தில் எது அரிது? மைன்கிராஃப்ட் உலகில் தாது தேடலும் உருக்கலும்

2021 நவம்பர் 30 அன்று மைன்கிராஃப்ட் விளையாட்டின் 1.18 பதிப்பு வெளியானபோது, அதை ஆடுபவர்கள் ஆண்டுக்கணக்கில் மனப்பாடமாக வைத்திருந்த ஓர் எண் செல்லாமல் போனது. அந்த எண் 11. வைரம் வேண்டுமென்றால் 11-ஆம் மட்டத்துக்கு இறங்கிச் சுரங்கம் வெட்டு என்பது பழைய ஆட்டக்காரர்கள் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடங்களில் ஒன்று. அதற்குத் தெளிவான காரணம் இருந்தது. பழைய உலகத்தின் அடித்தளம் 0-ஆம் மட்டம். வைரத் தாது ஏறக்குறைய 16-ஆம் மட்டத்துக்குக் கீழேதான் உருவாகும். 10-ஆம் மட்டம் வரை உள்ள குகைகளை லாவா நிரப்பியிருக்கும். வைரம் கிடைக்கும் பட்டைக்குள்ளேயே, லாவாவுக்குச் சற்று மேலே, கால் சுடாமல் நிற்க வாய்த்த இடம் 11. புதிய பதிப்பு உலகத்தின் தரையை -64 வரை இறக்கியது. கூரையை 320 வரை உயர்த்தியது. எந்தத் தாது எந்த ஆழத்தில் எவ்வளவு கிடைக்கும் என்ற கணக்கை முழுவதுமாகத் திருத்தி எழுதியது.

அந்தத் திருத்தம் பழைய கேள்வி ஒன்றைப் புதிதாக எழுப்பியது. கணினிக்குள் எண்களால் உண்டாகும் உலகத்தில் ஒரு தாது ‘அரிது’ என்றால் என்ன பொருள்? மார்கஸ் பெர்சன் 2009-இல் பொதுவில் வைத்து, ஸ்டாக்ஹோமின் மோஜாங் நிறுவனம் 2011 நவம்பரில் முழு வடிவில் வெளியிட்ட இந்த விளையாட்டு, இன்று 30 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது. ஒவ்வொரு பிரதியிலும் உண்டாக்கக்கூடிய உலகம் கிழமேலாக 6 கோடி பிளாக், தென்வடலாக 6 கோடி பிளாக் விரியும். ஒரு பிளாக் என்பது ஒரு கன மீட்டர். இவ்வளவு பெரிய நிலத்தில் எந்தத் தாதுவும் மொத்தக் கணக்கில் அரிதாக இருக்க முடியாது. வைரம் கோடிக்கணக்கில் புதைந்து கிடக்கிறது. ஒரு மாலைப்பொழுது உட்கார்ந்து ஆடினால் கைக்கு எவ்வளவு வந்து சேர்கிறது என்பதுதான் இங்கே அரிதின் அளவு. அந்த மாலைப்பொழுதின் உழைப்பைத் தேடலில் வைப்பதா, வெட்டுவதில் வைப்பதா, உருக்குவதில் வைப்பதா என்பதை விளையாட்டை வடிவமைப்பவர் முடிவு செய்கிறார். மைன்கிராஃப்ட், அதன்மேல் ரசிகர்கள் கட்டிய மோடுகள், அதன் வழியில் பிறந்த வேறு விளையாட்டுகள் ஆகியவை இந்த உழைப்பை எங்கெங்கே வைத்தன என்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை. ஆட்டக்காரரை நிலத்தைப் படிக்க வைக்கும் தாதுவே நல்ல தாது என்பது என் துணிபு. வெறும் நிகழ்தகவால் அரிதாக்கப்பட்ட தாது, எவ்வளவு விலைமதிப்புடையதாக இருந்தாலும், அதற்கு ஒரு படி கீழேதான்.

முதலில் வைரம். 1.18-க்குப் பிறகு அது 16-ஆம் மட்டத்தில் மெல்லத் தொடங்கி, கீழே போகப் போக அடர்ந்து, அடிப்பாறையை ஒட்டிய பகுதியில் உச்சத்தைத் தொடுகிறது. அடிப்பாறை -60 முதல் -64 வரை ஒழுங்கற்றுப் பரவியிருப்பதால், அதற்கு ஒரு படி மேலே -59 அல்லது -58-இல் வெட்டுவதே இன்றைய வழக்கம். ஆனால் -54-க்குக் கீழே உள்ள குகைகளில் லாவா தேங்கி நிற்கும். ஆகவே எச்சரிக்கையானவர்கள் -53-இல் நின்றுகொள்கிறார்கள். கொஞ்சம் வைரம் குறையும், செத்துக் கைப்பொருளை லாவாவில் விடும் அபாயமும் குறையும். போதாததற்கு 0-க்குக் கீழே சாதாரணக் கல் மறைந்து டீப்ஸ்லேட் என்ற கரும்பாறை தொடங்குகிறது. அது கல்லைவிட இரு மடங்கு கடினமானது. ஆழத்துக்கு ஏற்ற விலையை நேரமாகவும் உயிரச்சமாகவும் கொடுக்க வேண்டியிருக்கிறது. ஒற்றை எண் ஒன்றை ஒப்பித்துவிட்டு இறங்கிய காலத்தைவிட இது மேல்.

இதைவிட முக்கியமான மாற்றம் ஒன்று கண்ணுக்குத் தெரியாமல் நடந்தது. உலகத்தை உண்டாக்கும் நிரல் வைரத்தை வைக்கும்போது, அந்த இடம் காற்றைத் தொடுகிறதா என்று பார்க்கிறது. தொட்டால், சிறு திரள்களில் பாதி வாய்ப்பில் அந்தப் பிளாக்கைக் கைவிட்டுவிடுகிறது. ஒருவகைத் திரள் காற்றைத் தொடும் இடத்தில் வரவே வராது. 1.18 பிரம்மாண்டமான குகைகளைக் கொண்டுவந்த பதிப்பு. அந்தக் குகைச் சுவர்களில் வைரம் பளபளத்துக்கொண்டு நின்றால் சுரங்கம் வெட்டுபவர் எவரும் மிஞ்சமாட்டார்கள். அதனால் குகையில் நடப்பவருக்கு இரும்பும் செம்பும், பாறையைத் துளைப்பவருக்கு வைரம் என்று பங்கு பிரித்தார்கள். பங்கீட்டின் நோக்கம் நியாயமானதுதான். ஆனாலும் கண்முன் இருப்பதைக் கவனிப்பவரை விட்டுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு துளைப்பவருக்கு அது பரிசளிக்கிறது. என் மனக்குறை இங்கிருந்துதான் தொடங்குகிறது.

கண்ணை மூடித் துளைப்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. அது அழகான கணக்கும்கூட. ஓர் ஆள் நடக்கும் அளவுக்கு ஒரு பிளாக் அகலம், இரண்டு பிளாக் உயரத்தில் சுரங்கம் போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு பிளாக் முன்னேற இரண்டு பிளாக்கை வெட்ட வேண்டும். அப்போது இடச்சுவரில் இரண்டு, வலச்சுவரில் இரண்டு, தரையில் ஒன்று, கூரையில் ஒன்று என ஆறு பிளாக்குகள் புதிதாகக் கண்ணில் படும். வெட்டிய இரண்டையும் சேர்த்தால் எட்டு. அதாவது ஒரு வெட்டுக்கு நான்கு பார்வை. முதன்மைச் சுரங்கத்திலிருந்து பக்கவாட்டில் கிளைகளை வெட்டிக்கொண்டு போவதைக் கிளைச்சுரங்க முறை என்பார்கள். கிளைகளுக்கிடையே இரண்டு பிளாக் பாறையை விட்டால் அந்த மட்டத்தில் எதுவும் தப்பாது. மூன்று விட்டால் நடுவில் ஒரு வரிசை மறைந்துவிடும். ஆனால் வைரம் பெரும்பாலும் திரளாகவே கிடப்பதால் மறைந்த வரிசையின் தாது பக்கத்து வரிசைக்கும் நீண்டிருக்கும். கிளையும் குறைவாக வெட்டினால் போதும். முழுமை வேண்டுபவர் இரண்டு விடுவார், வேகம் வேண்டுபவர் மூன்றோ அதற்கு மேலோ விடுவார். வெட்டும் பிக்காசில் ஃபார்ச்சூன் மூன்றாம் நிலை மந்திரம் இருந்தால் ஒரு வைரத் தாது சராசரியாக 2.2 வைரம் தரும், அதிகபட்சம் நான்கு. அதனால் முதல் சில வைரங்களை எடுத்தவுடன் மற்றவற்றைச் சுவரிலேயே விட்டுவிட்டு, மந்திரப் பிக்காசோடு திரும்பி வந்து உடைப்பது பழகிய ஆட்டக்காரர்களின் வழக்கம்.

1.18 கொண்டுவந்ததில் எனக்கு மிகவும் பிடித்தது வைரமே இல்லை, பெருநாளங்கள். மண்ணுக்கடியில் 0-ஆம் மட்டத்துக்கு மேலே கிரானைட்டோடு கலந்து செம்பு நாளங்களும், அதற்குக் கீழே டஃப் என்ற சாம்பல்நிறப் பாறையோடு கலந்து இரும்பு நாளங்களும் நீண்ட பாம்புகளாக ஓடுகின்றன. அபூர்வமாகத்தான் கிடைக்கும், கிடைத்துவிட்டால் ஒரு பெட்டி போதாது. இவற்றைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. ஆழத்தில் டஃப் வழக்கத்துக்கு மாறாக நீண்டுகொண்டே போகிறது, நடுநடுவே இரும்பு எட்டிப் பார்க்கிறது என்றால், அங்கே நின்று தொடர்ந்து வெட்ட வேண்டும். டஃப் தனித் திட்டுகளாகவும் பரவிக் கிடக்கும் என்பதால் ஒவ்வொரு திட்டும் நாளம் ஆகிவிடாது. எது வெறும் திட்டு, எது நாளத்தின் ஓரம் என்று பிரித்தறியப் பழக வேண்டும். பாறை வகை தாதுவுக்குச் சாட்சி சொல்வது நிலவியலின் அடிப்படைப் பாடம். மைன்கிராஃப்ட் அதைத் தொட்ட அரிய இடங்களில் இது ஒன்று.

அரிதும் மதிப்பும் வேறு வேறு என்பதற்கு இதே விளையாட்டில் மூன்று சாட்சிகள் உண்டு. மரகதத் தாது மலைப்பகுதிகளில் மட்டுமே உருவாகும். சமவெளியிலோ பாலைவனத்திலோ எவ்வளவு ஆழம் தோண்டினாலும் ஒன்றுகூடக் கிடைக்காது. ஆனால் மரகதத்துக்காக மலை ஏறுபவர்கள் மிகச் சிலரே. கிராமத்தில் அம்பு செய்பவரிடம் 32 குச்சிகளைக் கொடுத்தால் ஒரு மரகதம் தருவார். ஒரு தோப்பை வெட்டினால் மடி நிறையும். தங்கம் வேறு கதை. அது பரவலாகவே கிடைக்கும். ஆனால் தங்கப் பிக்காசு 32 வெட்டில் தேய்ந்து போகும். மரப் பிக்காசே 59 வெட்டுத் தாங்கும், இரும்பு 250, வைரம் 1561. அதனால் பல ஆண்டுகள் தங்கம் பெட்டிக்குள் அடைந்து கிடந்தது. செம்பின் நிலை இன்னும் மோசம். 2021 ஜூனில் 1.17-இல் அறிமுகமாகி, எங்கு வெட்டினாலும் கொட்டியது. கூரைக்கும் இடிதாங்கிக்கும் தவிர அதிகம் பயன்படவில்லை. 2025 செப்டம்பரில் வந்த காப்பர் ஏஜ் பதிப்புதான் செம்பில் கருவியும் கவசமும் செய்யும் வழியைத் திறந்தது. தாதுவை நிலத்தில் வைப்பது எளிது. அதற்கு ஒரு தேவையை உண்டாக்குவதற்குத்தான் ஆண்டுகள் ஆகின்றன.

இன்னொன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். கோலம் என்னும் இரும்புக் காவலரைத் திரும்பத் திரும்பத் தோன்றச் செய்யும் பண்ணைகளால் இரும்பு வற்றாது. நெதர் என்னும் நரக உலகில், ஜாம்பி பிக்லின் என்னும் உயிரினங்களின் பண்ணைகளால் தங்கம் வற்றாது. வைரக் கருவிகளைக்கூட கருவி செய்யும் கிராமத்தவரிடம் மரகதம் கொடுத்து வாங்கிவிடலாம். பண்ணையும் வணிகமும் எந்த வடிவிலும் எட்டாத தாது ஒன்றே ஒன்றுதான். அதுதான் இந்த விளையாட்டின் உண்மையான அரிய தாது.

2020 ஜூன் 23-இல் வந்த 1.16 பதிப்பு நெதரைப் புதுப்பித்து, அதற்குள் ஏன்ஷியன்ட் டெப்ரி என்ற பழுப்புநிறப் பிளாக்கைப் புதைத்தது. அதிலிருந்து கிடைக்கும் நெதரைட் வைரத்தை மிஞ்சும். அதில் செய்த பிக்காசு 2031 வெட்டுத் தாங்கும். லாவாவில் விழுந்தாலும் எரியாமல் மிதக்கும். நிலப்பரப்பை 16-க்கு 16 சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் சங்க் என்று அழைக்கிறார்கள். ஒரு சங்க்கில் இந்த டெப்ரி சராசரியாக இரண்டுகூட இராது. பெரும்பகுதி 8-க்கும் 24-க்கும் இடையே, 15-ஆம் மட்டத்தைச் சுற்றிக் கிடக்கும். சிதறல்கள் 119 வரை போகும். அதைவிடக் கடுமையான நிபந்தனை, அது ஒருபோதும் காற்றைத் தொடாது என்பது. நெதரில் எத்தனை குகை சுற்றினாலும் இயற்கையாக ஒரு டெப்ரிகூடக் கண்ணில் படாது. ஒவ்வொன்றும் பாறைக்குள் முழுவதுமாக மூடப்பட்டே பிறக்கிறது.

தேடும் இடமோ நெதரின் லாவாக் கடலுடைய மட்டத்துக்குக் கீழே. வெட்டிக்கொண்டே போகும்போது சுவருக்குப் பின்னால் கடல் இருக்கலாம். நெதரில் லாவா மேலுலகில் ஓடுவதைவிட வேகமாகவும் தூரமாகவும் ஓடும். தண்ணீர் வாளியை ஊற்றினால் ஆவியாகிவிடும், தடுக்க முடியாது. இத்தனைக்கும் நடுவே ஆட்டக்காரர்கள் கண்டுபிடித்த வழி அசாத்தியமானது. நெதரில் படுக்கையை விரித்துப் படுக்க முயன்றால் அது வெடிக்கும். அந்த வெடிப்பின் வலிமை 5; டிஎன்டி வெடியின் வலிமை 4 மட்டுமே. மூன்று கம்பளிப் பிளாக், மூன்று பலகை இருந்தால் படுக்கை தயார்; டிஎன்டிக்கு ஐந்து வெடிமருந்தும் நான்கு மணலும் வேண்டும். நெதர் பாறை மிக மென்மையானது. டெப்ரியோ அப்சிடியனுக்கு நிகராக வெடியைத் தாங்கும். ஆகவே சுரங்கத்தில் சில அடிக்கு ஒரு படுக்கையை வைத்து, தனக்கும் அதற்கும் இடையே ஒரு பிளாக்கை மறைப்பாக வைத்து வெடிக்கச் செய்தால், பாறையெல்லாம் சிதறிப்போய் டெப்ரி மட்டும் அந்தரத்தில் நிற்கும். எதையும் படிக்க விடாமல் மறைத்து வைத்த தாதுவுக்கு, எல்லாவற்றையும் அழித்துவிட்டு மிஞ்சுவதைப் பார்ப்பது என்பதே விடையாகியிருக்கிறது. ஆட்டக்காரர்களின் கூர்மையை நான் மனதார மெச்சுகிறேன். வடிவமைப்பு அவர்களை இந்த வழியைத் தவிர வேறு வழிக்கு விடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

உருக்கும் கட்டத்தில் நெதரைட் கொஞ்சம் ஈடு செய்கிறது. டெப்ரியை உலையில் இட்டால் ஒரு துணுக்கு கிடைக்கும். நான்கு துணுக்கும் நான்கு தங்கப் பாளமும் சேர்ந்தால் ஒரு நெதரைட் பாளம். ஃபார்ச்சூன் மந்திரம் டெப்ரியிடம் பலிக்காது. நான்கு கவசத் துண்டு, ஐந்து கருவி என ஒன்பதையும் மேம்படுத்த 36 டெப்ரி, 36 தங்கம் ஆகும். பெட்டிக்குள் அடைந்து கிடந்த தங்கத்துக்கு இதில்தான் வேலை வந்தது; ஒரு கலவைச் சூத்திரத்தால் இன்னொரு தாதுவுக்கு உயிர் கொடுத்தது நல்ல வடிவமைப்பு. 2023 ஜூனில் வந்த 1.20 பதிப்பு இதன்மேல் இன்னொரு வாயிற்கதவைப் போட்டது. ஒவ்வொரு மேம்பாட்டுக்கும் ஒரு மாதிரித் தகடு செலவாகும். அது நெதரின் பாஸ்டியன் கோட்டைகளில் மட்டுமே கிடைக்கும். கோட்டையின் கருவூல அறையில் உறுதியாக உண்டு. கிடைத்த தகட்டைப் படியெடுக்க ஒரு படிக்கு ஏழு வைரம். ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்பதாக்க 56 வைரம் ஆகிறது. அந்த ஒன்பது பொருள்களையும் வைரத்தில் செய்வதற்கு மொத்தம் ஆவதே 35 வைரம்தான். வைரத்தின் அரிதுத்தன்மை குறைந்துகொண்டே வந்த நேரத்தில் அதற்குப் புதிய செலவு ஒன்றைக் கண்டுபிடித்து, அதே சமயம் கோட்டைக்குள் சண்டையிடப் போகாதவருக்கு உச்சக் கருவி இல்லை என்றும் ஆக்கினார்கள். இது தாதுவுக்கு வெளியே வைத்த அரிது. சுரங்கத்தை மட்டும் நேசிப்பவர்கள் அன்று முணுமுணுத்தது எனக்குப் புரிகிறது. ஆனாலும் உலகைச் சுற்ற வைத்த அந்த முடிவு சரியானதே என்று நினைக்கிறேன்.

நெதரைட்டைத் தவிர்த்துப் பார்த்தால், அசல் மைன்கிராஃப்டில் உருக்குவது என்பது காத்திருப்பது மட்டுமே. ஓர் உலையில் ஒரு பொருள் உருக 10 விநாடி. ஒரு நிலக்கரி எட்டுப் பொருளை உருக்கும். ஒரு வாளி லாவா நூறு. 2019-இல் வந்த ஊதுலை நேரத்தைப் பாதியாக்கியது, எரிபொருளை மிச்சப்படுத்தவில்லை. 1.17-இல் இரும்பு, தங்கம், செம்பு மூன்றும் வெட்டியவுடன் தாதுப் பிளாக்காக வராமல் கச்சா உலோகமாகக் கொட்டத் தொடங்கின. அதனால் ஃபார்ச்சூன் அவற்றுக்கும் பலித்தது. அவ்வளவுதான். கசடு இல்லை, கலப்பு இல்லை, தோல்வி இல்லை. நிஜ உலகின் பல பெரிய செப்புச் சுரங்கங்களில் ஒரு டன் பாறையில் 10 கிலோ செம்புகூட இருப்பதில்லை. அரைத்து, நுரையில் மிதக்கவிட்டுப் பிரித்து, செறிவாக்கிய பிறகுதான் உலைக்குப் போகிறது. உலோகத் தொழிலின் பெரும் உழைப்பு அங்கேதான் இருக்கிறது. அசல் விளையாட்டு அந்த உழைப்பைத் தாண்டிக் குதித்துவிட்டது.

குதித்த இடத்தை நிரப்பியவர்கள் மோடு எழுதியவர்கள். இண்டஸ்ட்ரியல்கிராஃப்ட்டின் அரைவை எந்திரம் ஒரு தாதுவை இரண்டு பொடியாக்கி இரண்டு பாளம் தந்தது. டிங்கர்ஸ் கன்ஸ்ட்ரக்ட் பெரிய உலைக்கூடத்தில் உலோகங்களைத் திரவமாக உருக்கிக் கலக்க விட்டது. அதன் பழைய பதிப்புகளில் நெதரில் கிடைக்கும் கோபால்ட்டையும் ஆர்டைட்டையும் கலந்து மன்யுல்லின் என்ற கற்பனை உலோகத்தை வார்த்தார்கள். மெக்கானிசம் என்ற மோடு இதைப் படிப்படியான வேதியியலாக மாற்றியது. எளிய எந்திரத்தில் ஒரு தாதுப் பிளாக்குக்கு இரண்டு பாளம். ஆக்சிஜன் சேர்த்தால் மூன்று. ஹைட்ரஜன் குளோரைடு சேர்த்தால் நான்கு. கந்தக அமிலத்தில் கரைத்து, கழுவி, படிகமாக்கி, பழைய படிகள் எல்லாவற்றின் வழியாகவும் அனுப்பினால் ஐந்து. அந்த அமிலத்தைத் தயாரிக்கவே ஒரு சிறு தொழிற்சாலை கட்ட வேண்டும். இங்கே அரிய தாது என்ற எண்ணமே இடம் பெயர்கிறது. சுரங்கத்தில் ஐந்து மடங்கு அலைவதா, தொழிற்சாலையில் ஐந்து மடங்கு யோசிப்பதா என்று கேட்டால், பலர் இரண்டாவதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். தேடல் கிட்டத்தட்ட மறைந்துவிடுகிறது. பிறகு தானே வெட்டும் எந்திரம் வருகிறது. மண்ணைப் பார்க்கவே வேண்டாம்.

இந்த வழியின் எல்லை வரை போனது கிரெக்டெக் என்ற மோடு. அதன் கடினம் பேர் போனது, விமர்சனமும் அதற்கு உண்டு. ஆனால் அது ஓர் உண்மையைச் சரியாகப் பிடித்தது: நிஜத்தில் பல அரிய உலோகங்களுக்குத் தனிச் சுரங்கமே கிடையாது. காலியம் பாக்சைட்டிலிருந்து அலுமினியம் எடுக்கும் வழியில் கிடைக்கிறது. இண்டியம் துத்தநாகத்தின் துணைவிளைபொருள். ரேனியம் மாலிப்டினத்தோடு வருகிறது. கிரெக்டெக்கில் ஒரு தாதுவை அரைத்து, கழுவி, சுழற்றிப் பிரிக்கும் ஒவ்வொரு படியிலும் வேறொரு உலோகத்தின் பொடி கொஞ்சம் வெளிவரும். பிளாட்டினக் குடும்பத்தின் கசட்டை ராஜதிராவகத்தில் கரைத்து, பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம், ருத்தேனியம், ஆஸ்மியம், இரிடியம் என்று ஒவ்வொன்றாகப் பிரிக்கும் நீண்ட வரிசை அதில் உண்டு. அரிது என்பது குறைவாக இருப்பதால் மட்டும் வருவதில்லை, பிரிப்பது கடினமாக இருப்பதாலும் வருகிறது என்று அது கற்றுக்கொடுக்கிறது. அருமண் தனிமங்களின் கதையும் இதுதான். அவற்றில் ஒன்றான சீரியம் புவியோட்டில் ஏறக்குறையச் செம்பின் அளவுக்கே இருக்கிறது. ஒன்றையொன்று அச்சாக ஒத்த தனிமங்களிலிருந்து அதைத் தனித்தெடுப்பதுதான் சிரமம். கிரெக்டெக்கில் வரும் அருமண் கனிமமான மோனசைட், கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியின் கடற்கரை மணலில் கிடக்கும் அதே மோனசைட்தான். ஐஆர்இஎல் நிறுவனம் அங்கே மணலிலிருந்து அதைப் பிரித்தெடுக்கிறது.

தேடலையும் உருக்கலையும் ஒருசேர மதித்த விளையாட்டு என்று நான் சுட்டுவது வின்டேஜ் ஸ்டோரியை. அதற்கு முன்னோடி டெர்ராஃபர்மாகிராஃப்ட் என்ற மைன்கிராஃப்ட் மோடு. வெண்கலம் வேண்டுமென்றால் 88 முதல் 92 விழுக்காடு செம்பு, 8 முதல் 12 விழுக்காடு தகரம் என்று நிஜ உலோகவியலின் கணக்கையே அது கேட்டது. வின்டேஜ் ஸ்டோரியில் ஆட்டம் கல்லாயுதத்தோடு தொடங்குகிறது. தரையில் ஆங்காங்கே செப்புத் துணுக்குகள் சிதறிக் கிடக்கும். அவற்றைப் பொறுக்கி மண் மூசையில் போட்டு, 1084 பாகை வெப்பத்தில் உருக்கி, சுட்ட களிமண் அச்சில் ஊற்றி முதல் பிக்காசு செய்ய வேண்டும். துணுக்கு கிடந்த இடத்துக்கு நேர் கீழேதான் செப்புப் படிவு இருக்கும். அதாவது முதல் கருவிக்கான உலோகமும் அடுத்த படிவின் முகவரியும் ஒரே துணுக்கில் வந்துவிடுகின்றன. மேற்பரப்பு ஆழத்தைக் காட்டிக்கொடுக்கிறது; குனிந்து பார்த்து நடப்பவருக்கே தாது.

மேற்பரப்பில் துப்பு விடாத தாதுக்களுக்குத் தேடுகோடரி இருக்கிறது. சற்றுத் தள்ளித் தள்ளி மூன்று இடங்களில் பாறையை உடைத்துப் பார்த்தால், அப்பகுதியில் எந்தெந்தத் தாதுவுக்கு எவ்வளவு வாய்ப்பு என்று ஆயிரத்துக்கு இத்தனை என்ற அளவில் ஒரு குறிப்பு வரும். ஆழத்தைச் சொல்லாது. இருக்கிறது என்று உறுதியும் தராது, வாய்ப்பை மட்டுமே சொல்லும். ஆட்டக்காரர் வரைபடத்தில் குறித்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் தள்ளி மீண்டும் உடைத்து, எண் எந்தத் திசையில் ஏறுகிறது என்று பார்த்து நகர்கிறார். தகரத்தைத் தேடி இப்படி ஒரு நாள் முழுக்க நடப்பவர், படுக்கையை வெடிக்க வைப்பவரைவிட அதிகம் வெட்டுவதில்லை, அதிகம் யோசிக்கிறார். கண்டடைந்த பிறகும் வேலை முடியாது. வெண்கலத்துக்குக் கலவை விகிதம் தப்பக்கூடாது. இரும்பு மூசையில் உருகாது; மரக்கரியோடு மண் உலையில் இட்டு, கட்டியாக வெளியே எடுத்து, பட்டடைக்கல்லில் வைத்து ஒவ்வொரு புள்ளியாகத் தட்டிக் கசடை நீக்க வேண்டும். அந்தப் பட்டடைக்கல் வெண்கலத்தில் இருந்தாக வேண்டும். வெண்கல யுகத்தைத் தாண்டாமல் இரும்பு யுகம் கிடையாது என்பதைப் பாடமாகச் சொல்லாமல் வேலையாகவே வைத்துவிட்டார்கள். எஃகுக்கு, தீக்கல் சூளையில் இரும்புப் பாளங்களைக் கரியோடு அடுக்கி மூடி, நாள்கணக்கில் வேகவிட வேண்டும். இது எல்லோருக்கும் ஏற்ற வேகம் இல்லை. எட்டு வயதுக் குழந்தை மைன்கிராஃப்டைத் தேர்ந்தெடுப்பது இயல்பு. ஆனால் எந்தத் தாது ஏன் அரிது என்பதை ஆட்டக்காரர் தன் கையாலேயே உணர்வது இங்கேதான்.

களவைப் பற்றியும் பேச வேண்டும், ஏனென்றால் தாது வைக்கும் முறைக்கும் அதற்கும் நேர்த் தொடர்பு உண்டு. பாறையைக் கண்ணாடியாக்கித் தாதுவை மட்டும் காட்டும் எக்ஸ்ரே வித்தைகள் மைன்கிராஃப்டில் நெடுங்காலமாக உண்டு. உலகத்தின் விதை எண் தெரிந்தால் இன்னும் எளிது. ஒரே விதையும் ஒரே பதிப்பும் ஒரே உலகத்தையே தரும் என்பதால், வெட்டாமலேயே தாதுவின் இடத்தைக் கணக்கிட்டுவிடலாம். பலர் சேர்ந்து ஆடும் சர்வர்களை நடத்துபவர்கள் இதைத் தடுக்க, காற்றைத் தொடாத தாதுவை ஆட்டக்காரரின் கணினிக்கு வெறும் கல்லாக அனுப்புகிறார்கள், அல்லது போலித் தாதுக்களை நிறைத்து அனுப்புகிறார்கள். பேப்பர் என்ற சர்வர் மென்பொருளில் இரண்டு வழியும் உண்டு. தடுப்பு இல்லாத இடத்தில் எக்ஸ்ரே ஏன்ஷியன்ட் டெப்ரியையும் எளிதாகப் பறித்துவிடும். முழுவதும் மறைத்து வைத்த பொருளுக்கு நேர்மையான ஆட்டக்காரரிடம் எந்தத் துப்பும் இல்லை. அதனால் அவருக்கும் திருடனுக்கும் உள்ள இடைவெளி மிகப் பெரிதாகிவிடுகிறது.

நிஜ வைரத் தேடல் வேறுவிதமாக நடக்கிறது. நிலவியலாளர்களான சார்லஸ் ஃபிப்கேயும் ஸ்டூவர்ட் புளுசனும் கனடாவின் வடமேற்குப் பிரதேசத்தில் ஆண்டுக்கணக்கில் மணலைச் சலித்துத் தேடியது வைரத்தையே அல்ல. வைரத்தை மேலே கொண்டுவரும் கிம்பர்லைட் பாறையோடு சேர்ந்து வரும் கார்னெட், குரோமைட், இல்மனைட் போன்ற கனிமத் துகள்களைத்தான். பனிப்பாறைகள் இழுத்துச் சென்ற அந்தத் துகள்களை எதிர்த்திசையில் பின்தொடர்ந்து 1991-இல் அவர்கள் மூலத்தை அடைந்தார்கள். 1998-இல் அங்கே ஏகாட்டி சுரங்கம் திறந்தது. வைரம் மறைந்தேதான் இருந்தது, அதன் துணைவர்கள் வழி காட்டினார்கள்.

மைன்கிராஃப்டுக்கு இந்த மொழி அந்நியமில்லை. செவ்வந்திக்கல் பொதிந்த உருண்டைகளைச் சுற்றி கால்சைட்டும் வழவழப்பான பசால்ட்டும் ஓடாக அமைந்திருக்கின்றன; அந்தப் பசால்ட் கண்ணில் பட்டால் உள்ளே என்ன என்று ஆட்டக்காரருக்குத் தெரியும். டஃப் இரும்பைக் காட்டுகிறது. டெப்ரியைச் சுற்றிலும் இரண்டு மூன்று பிளாக் தூரத்துக்கு நெதர் பாறையின் நிறமோ தன்மையோ சிறிது மாறியிருந்தால் போதும், எண்ணிக்கையை ஒன்றுகூட உயர்த்த வேண்டாம். குகையில் நடப்பவர் சுவரில் அந்த ஓரத்தைக் கண்டு நின்று வெட்டுவார். அதே துப்பு எல்லோர் கண்ணுக்கும் படுவதால், பாறைக்குள் பார்க்கும் திருடனுக்கு இன்று இருக்கும் மேலுரிமையும் பெருமளவு குறைந்துவிடும்.